கல்லுக்குச் சோறு

சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள் தம்பி. ஆறுதான். பூங்காப் பலகையில் ஏழு தட்டு வயல் என்று போட்டிருக்கிறதே என்று மறுபடியும் விரல் விட வேண்டாம். வருகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் நின்றுதான் எண்ணுகிறார்கள். சிலர் பலகை தப்பு என்கிறார்கள். சிலர் தங்கள் கண் தப்பு என்று போய்விடுகிறார்கள். பலகை வைத்த அன்றைக்கு ஏழு இருந்தது. ஏழாவது தட்டு, அதோ என் வயலுக்கு மேலே உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறதே, அதுதான். அதைக் காடாக்கியது நான்.

ஊரில் காட்டை வெட்டி வயலாக்கியவர்கள் பேரைச் சொல்லிச் சாமி கும்பிடுகிறார்கள். வயலைக் காடாக்கியவள் நான் ஒருத்திதான். எனக்கு யாரும் கும்பிடு போட வேண்டாம்.

உட்காருங்கள். உங்கள் ஜீப் மூன்று மணிக்குத்தான் திரும்பி வரும். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் நீங்கள் எண்ணிவிட்டீர்கள். எண்ணுகிறவர்களிடம் பாதியில் நிறுத்துவது எனக்குப் பிடிக்காது.

இந்த ஈச்சங்கோம்பையில் ஒவ்வொரு வயலும் ஒரு தட்டு. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்குக் கல்கட்டு. சுண்ணாம்பு, சிமெண்டு எதுவும் கிடையாது, கல்லின் மேல் கல், அவ்வளவுதான். ஊற்று மேல்தட்டில் இருக்கிறது. மேல்தட்டு நிறைந்து வழிந்தால் என் தட்டு. என் தட்டு நிறைந்தால் ராக்கம்மாள் தட்டு. இப்படியே ஓடை வரைக்கும். மேல்தட்டு என் கொழுந்தன் குழந்தைவேலுடையது. என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. அவர் இவர் என்றுதான் சொல்வேன். கோபம் வேறு, மரியாதை வேறு.

கட்டு என்று இருந்தால் என்றைக்காவது சரியும். சரிந்தால் கல் கீழ் வயலில்தானே வந்து விழும். பயிரை நசுக்கிக்கொண்டு விழும். அதனால் விழுந்த கல் கீழ் வயல்காரருக்குச் சொந்தம். அது எங்கள் முறை. மேல் வயல்காரர் பாட்டுக்கு இறங்கி வந்து தூக்கிக்கொண்டு போக முடியாது. கேட்டு வாங்க வேண்டும். கேட்பதும் வாயால் இல்லை. சோறு ஆக்கி எடுத்துக்கொண்டு கீழ் வயல்காரர் வீட்டுக்கு வர வேண்டும். கல்லுக்குச் சோறு என்று அதற்குப் பேர். கீழ் வயல்காரர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வயலுக்குப் போய் முதல் கல்லைத் தன் கையால் எடுத்துக் கொடுப்பார். அதற்கு அப்புறம் மற்றக் கல்லை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. எங்கள் ஊரில் அதை யாரும் கேட்டதில்லை. சோறு வந்தால் சாப்பிடுவார்கள். நான்தான் முதலில் யோசித்தேன்.

ஏன் யோசித்தேன் என்று சொல்கிறேன். என் வீட்டுக்காரர் இறந்துபோன மறுவருஷம் மழை இல்லை. எனக்குப் பிள்ளைகள் கிடையாது. நான் ஒருத்தியே நாற்று விட்டு, ஒருத்தியே நட்டேன். மேலே கொழுந்தன் அந்த வருஷம் நெல்லை விட்டுவிட்டுப் பூண்டு போட்டிருந்தார். ஊற்றில் வந்த தண்ணீர் பூண்டுக்கே போதவில்லை. எனக்கு வரும் மடையை மண் போட்டு அடைத்துவிட்டார். என் நடவு நுனி சிவந்து, அப்புறம் அடியும் சிவந்தது. பொறுத்துப் பார்த்தேன். பொறுக்க முடியாமல் ஒரு நாள் டீக்கடைக்கே போய்விட்டேன். அங்கே ஆண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு, "தம்பி, மடை" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கிளாஸைக் கீழே வைக்கக்கூட இல்லை. "மதினி ஒத்த ஆளு. ஒத்த வயித்துக்கு எதுக்கு ஒரு வயலு? அறுப்புக்கு ரெண்டு மூட்டை நான் போட்டுட்டுப் போறேன், போங்க" என்றார்.

ரெண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. சிரிக்காதவர்கள் முகத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, சரிதானே என்று இருந்தார்கள்.

அறுப்பு முடிந்ததும் சொன்னபடி மூட்டை வந்தது. கூடவே ஒரு கூடை பூண்டு. மூட்டையை அப்படியே கோயிலில் இறக்கச் சொன்னேன். பூண்டை மாட்டுக்குப் போட்டேன். மாடு தின்னவில்லை.

அவருக்கு அது மறந்துவிட்டது. அதற்கு அப்புறமும் வழியில் பார்த்தால், "மதினி, சுகமா" என்பார். பொங்கலுக்கு வந்து கும்பிடுவார். மடையையும் அடுத்த வருஷமே திறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. நாற்றங்காலில் விதையைப் போட்டுவிட்டுக் குருவி கொத்தாமல் பார்த்துக்கொள்வோமே, அந்த மாதிரி அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டேன். எட்டு வருஷம்.

அதற்கு நடுவில்தான் இது தேசியப் பூங்கா ஆனது. முதலில் எல்லோரும் மலையை விட்டு இறங்க வேண்டும் என்றார்கள். அடிவாரத்தில் காலனி கட்டினார்கள். பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். அப்புறம் படித்தவர்கள் சிலர் வந்து இந்தக் கட்டுகளை அளந்து பார்த்து, இது ரொம்பப் பழசு, காட்டைப் போலவே இதையும் காப்பாற்ற வேண்டும், விவசாயம் செய்கிறவர்கள் இருந்தால்தான் இது இருக்கும் என்று எழுதிக் கொடுத்தார்களாம். அவர்களை எங்கேயோ போய்ப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தது குழந்தைவேல்தான். கலெக்டர் ஆபீசுக்கும் வன ஆபீசுக்கும் செருப்புத் தேய அலைந்தார். அவர் இல்லாவிட்டால் இன்றைக்கு இங்கே ஒரு தட்டும் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அலைந்தார், இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பலகை வைத்த அன்றைக்கு ரேஞ்சர் வந்து விதிகளை வாசித்தார். எல்லோரும் பாயசத்துக்குக் காத்திருந்தார்கள். நான் மட்டும்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன். சிமெண்டு கூடாது. மெஷின் கூடாது. காட்டிலிருந்தோ ஓடையிலிருந்தோ புதுக் கல் ஒன்றுகூட எடுக்கக் கூடாது. தொடர்ந்து மூன்று வருஷம் பயிர் வைக்காத தட்டு காட்டோடு சேர்ந்துவிடும். பழைய முறைகளை மக்கள் அப்படியே கடைப்பிடிக்கலாம், வன இலாகா தலையிடாது. ஐந்தாவது வரைக்கும் படித்தவள் நான், ஆனால் கேட்டது மறக்காது. நல்ல சட்டம் என்று அன்றைக்கே நினைத்தேன். எதற்கு நல்லது என்று அப்போது தெரியவில்லை.

அடுத்த ஐப்பசியில் தெரிந்தது. விடாத மழை. நெல் பால் பிடிக்கிற நேரம். விடிந்து போய்ப் பார்க்கிறேன், மேல்தட்டுக் கட்டு பாதிக்கு மேல் சரிந்து என் வயலில் கிடக்கிறது. என் பயிரில் கால்வாசி அதற்கு அடியில். யாராவது பார்த்திருந்தால் நான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். வரப்பில் உட்கார்ந்து கல்லை எண்ணிக்கொண்டிருந்தேன். முந்நூற்றுப் பதினாறு. எல்லாம் என் கல்.

மூன்றாம் நாள் சோறு வந்தது. கொழுந்தன் பெண்டாட்டி பொன்னுத்தாய் தூக்குச் சட்டியோடு வர, அவர் பின்னால் வந்தார். பொன்னுத்தாய் வெகுளி. வாசலிலேயே, "அக்கா, பூசணிக்காய்க் குழம்பு, உங்களுக்குப் பிடிக்கும்னு" என்று ஆரம்பித்தாள்.

நான் இன்றைக்குக் கிருத்திகை, விரதம் என்றேன்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் நிஜமாகவே கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம் இருக்கிறவர். சின்ன வயசிலிருந்தே, ஒரு வேளை பாலும் பழமும்தான், கவுச்சி பக்கமே போக மாட்டார். "எனக்கும்தான் மதினி. உங்களுக்கும் இருக்கும்னு தோணாமப் போச்சு. நாளைக்குக் கொண்டாறோம்" என்று போய்விட்டார்.

மறுநாள் எனக்கு உடம்பு சரியில்லை. அதற்கு அப்புறம் வந்தபோது வெள்ளிக்கிழமை. பிறகு அமாவாசை. பிறகு சஷ்டி. பிறகு மார்கழி பிறந்துவிட்டது, மாதம் பூராவும் வெளியில் சாப்பிடுவதில்லை என்று வேண்டுதல். இல்லை என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை தம்பி. கல் தர மாட்டேன் என்று என் வாயால் சொன்னேன் என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம். விரதம் என்றேன். விரதம் இருக்கிறவளை யார் என்ன சொல்ல முடியும்? அந்த நாளில் எல்லாம் நிஜமாகவே சாப்பிடாமல்தான் இருந்தேன். எனக்குப் பொய் பிடிக்காது.

ராக்கம்மாள்தான் ஒரு நாள் களை எடுக்கும்போது கேட்டாள். "ஏக்கா, பஞ்சாங்கத்துல உனக்குச் சோறு திங்கிற நாளு ஏதாச்சும் மிச்சம் இருக்கா?" மற்றப் பெண்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

கல் இல்லாமல் கட்டு இல்லை. கட்டு இல்லாமல் மேல்தட்டில் தண்ணீர் நிற்காது. தண்ணீர் நிற்காவிட்டால் நடவு இல்லை. முதல் வருஷம் அவர் நடவில்லை.

இரண்டாம் வருஷம் அவருக்குப் பொறுமை போய்விட்டது. ஓடையிலிருந்து நாலைந்து கல்லைச் சாக்கில் சுமந்து ஏற்றினார். வன இலாகா வாட்சர் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். அபராதம் போட்டார்கள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஊரே பேசியது. நான்தான் சொன்னேன். விதி என்று ஒன்று இருக்கிறதே. நாளைக்கு எல்லோரும் ஓடைக் கல்லைத் தூக்க ஆரம்பித்தால் பூங்கா என்ன ஆவது?

அப்புறம் மூங்கிலை வரிசையாக அடித்து மண் அணைத்துப் பார்த்தார். காட்டுமாடு ஒன்று நடந்தது, அவ்வளவுதான், மூங்கில் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம். அந்த மண்ணும் கரைந்து என் வயலில்தான் இறங்கியது. மேடு தட்டிப்போய் நான் அள்ளி அள்ளிக் கொட்டினேன். சலித்துக்கொள்ளவில்லை. சந்தோஷமாகவே அள்ளினேன்.

ஊரில் பேசிப் பார்த்தார்கள். பெரியவர்கள் ரெண்டு பேர் வந்து உட்கார்ந்து, மழை, விலைவாசி எல்லாம் பேசிவிட்டு மெல்ல ஆரம்பித்தார்கள். முறைப்படி சோறு வரட்டும், முறைப்படி சாப்பிட்டுக் கல் தருகிறேன், விரதம் இல்லாத நாளாகப் பார்த்து வரச் சொல்லுங்கள் என்றேன். விரதம் இல்லாத நாள் எது என்று அவர்கள் கேட்டார்கள். அது சாமி சித்தம் என்றேன். எழுந்து போய்விட்டார்கள். அதற்கு அப்புறம் கல்யாணம், காதுகுத்து எதற்கும் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. மறந்துவிடுகிறார்கள் போல.

மூன்றாம் வருஷம் கடைசியில், ரேஞ்சர் வந்து பார்வையிடுகிற நாளுக்கு முந்தின நாள், அவர் தனியாக வந்தார். பொன்னுத்தாய் வரவில்லை. தூக்குச் சட்டியை வாசற்படியில் வைத்தார். பழைய ஆள் இல்லை. சட்டை தோளில் நிற்கவில்லை. ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். நானும் பேசவில்லை. அதில் அவரால் என்னை ஜெயிக்க முடியாது.

கடைசியில், "மதினி, நான் என்ன தப்புப் பண்ணேன்னு சொல்லிருங்க. கால்ல விழணும்னாலும் விழறேன். ராத்திரி பகலா யோசிக்கிறேன், எனக்கு விளங்கல" என்றார்.

விளங்கவில்லையாம். எட்டு வருஷமும் மூன்று வருஷமும் பதினொன்று. பதினொரு வருஷமாக நான் தினமும் எடுத்துத் துடைத்து வைக்கிற வார்த்தை, அவருக்கு விளங்கவில்லையாம். சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். சொன்னால் அவர் மன்னிப்புக் கேட்டுவிடுவார். கேட்கிற ஆள்தான். கேட்டுவிட்டால் அப்புறம் நான் என்ன செய்வது?

"இன்னிக்குச் சஷ்டி, தம்பி" என்றேன்.

"இன்னிக்குச் சஷ்டி இல்லையே, மதினி" என்றார். அவருக்கு நாள் தெரியும். "ரெண்டு கவளம் சாப்பிடுங்க. அந்த ஊத்துக்காகவாச்சும்."

நான் கதவைச் சாத்தவில்லை. சாத்தினேன் என்று ஊரில் சொல்வார்கள், அது பொய். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். கதவு திறந்துதான் இருந்தது. இருட்டுகிற வரைக்கும் நின்றுவிட்டு, சட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ரேஞ்சர் மேல்தட்டைச் சுற்றி நாலு மூலையிலும் காவி அடித்த காட்டு எல்லைக் கல் நட்டார். அவருக்கே மனசில்லை, முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. ராக்கம்மாள் மட்டும் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நான் நேராக நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். நாலாவது கல் இறங்கியபோது, எட்டு வருஷம் கழித்து ஒரு பெரிய மூச்சு வந்தது. பதினொன்று. பதினொரு வருஷம் கழித்து.

அந்த வாரமே அவர்கள் அடிவாரக் காலனிக்கு இறங்கிவிட்டார்கள். அடுத்த கோடையில் பொன்னுத்தாய் செத்துப்போனாள். மலையிலேயே பிறந்தவள், கீழ் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். வயசும் ஆகியிருந்தது. போனேன். செய்ய வேண்டியதைச் செய்தேன். அவர் மூலையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பொன்னுத்தாயின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் வந்ததெல்லாம் வேறு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பன்றிகள் வர ஆரம்பித்தன. முன்பெல்லாம் மேல்தட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும், வராது. இப்போது உண்ணிச்செடிக்குள் படுத்துக்கொண்டு என் வயலுக்குத் தினமும் விருந்துக்கு வருகின்றன. ஊற்றுக் கண்ணைச் சேறாக்கிவிட்டன. தூர் எடுக்கலாம் என்றால் அது காடு, உள்ளே கை வைக்கக் கூடாது. தண்ணீர் மடை வழியாக வராமல் நினைத்த இடத்தில் எல்லாம் இறங்கியது. இலாகாக்காரர்கள் பன்றியைக் கவனிப்பதில்லை. மழையும் முன்பு மாதிரி இல்லை. என்ன செய்வது?

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் கட்டு சரிந்தது. அதே ஐப்பசி. என் தட்டின் நடுவில் தண்ணீர் வாய்க்கால் மாதிரி அறுத்துக்கொண்டு போய்க் கட்டைத் தள்ளிவிட்டது. கல் முழுக்க ராக்கம்மாள் வயலில். பாதி உருண்டு ஓடையில் விழுந்து அடித்துக்கொண்டு போய்விட்டது.

நான் சோறு ஆக்கினேன். ராக்கம்மாள் என்னென்ன விரதம் சொல்வாள் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே போனேன். எதற்கு என்ன பதில் சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன். அவள் சட்டியை வாங்கி, அங்கேயே குந்தி உட்கார்ந்து, வழித்துச் சாப்பிட்டாள். "குழம்புல புளி கூடிப்போச்சுக்கா" என்றாள். கை கழுவினாள். நேரே வயலுக்கு நடந்து, முதல் கல்லை எடுத்து என் கையில் கொடுத்தாள். எண்ணிப் பார்த்தால் கால் நாழிகைகூட ஆகவில்லை. அவளுக்கு ரோஷம் என்பதே கிடையாது.

ஆனால் கல் போதவில்லை. ரேஞ்சர் வந்து பார்த்தார். பழைய ரேஞ்சர் மாறிப்போய்ப் புதுசாக வந்தவர். என் வயலில் குவித்து வைத்திருந்த அந்த முந்நூற்றுப் பதினாறைக் காட்டி, "இது யார் கல்லு?" என்றார். என் கல் என்றேன். "அப்ப இதையே போட்டுக் கட்டிரலாமே, பாட்டி" என்றார். எனக்கு ஒரே மகிழ்ச்சி. கொழுந்தனுடைய கட்டு, என் கட்டாக நிற்கப்போகிறது. இதைவிட என்ன வேண்டும்? கட்டுவதற்கு இலாகாவே கூலி கொடுத்து ஆள் அனுப்பும் என்றும் சொன்னார்.

ஆள் வந்தார். ஜீப்பின் பின்னாலிருந்து இறங்கியது குழந்தைவேல்.

இப்போது இந்தப் பூங்கா முழுக்கக் கட்டு வேலை அவருக்குத்தானாம். சாந்து வைக்காமல் கல் அடுக்கத் தெரிந்த ஆள் வேறு யாரும் மிச்சம் இல்லையாம். காக்கிச் சட்டை போட்டிருந்தார். "மதினி, சுகமா" என்றார். என்ன ஆள் பாருங்கள். மேலே திரும்பித் தன் தட்டை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் பார்க்கவே இல்லை.

கட்டுகிறவருக்கு முதல் நாள் மேல் வயல் வீட்டில்தான் சோறு. அதுவும் முறை. இப்போது மேல் வயல் நான்தானே. ஆக்க வேண்டியதாகிவிட்டது. காலண்டரைப் பார்த்தேன். கிருத்திகை.

சாமியே எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. பரணில் சந்தையில் வாங்கிய நெத்திலிக் கருவாடு இருந்தது. எடுத்துக் கழுவி, கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். கோம்பை முழுக்க மணந்திருக்கும். சாப்பிட மாட்டார். எல்லோர் முன்னாலும், விரதம் மதினி என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்போது அந்த வார்த்தை எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். நான் சட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. பெரிய ஆசையா?

மத்தியானம் வரப்பில் இலை போட்டேன். ராக்கம்மாள் இருந்தாள், ரேஞ்சர் இருந்தார், கல் தூக்க வந்தவர்கள் இருந்தார்கள். சோற்றை வைத்துக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினேன். ராக்கம்மாள் இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அக்கா, இன்னிக்கு..." என்று ஆரம்பித்தாள்.

அவர் கையை லேசாகத் தூக்கி அவளை நிறுத்தினார். உட்கார்ந்தார். இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்துக் கண்ணை மூடினார். நான் சட்டியைத் தூக்கத் தயாராக நின்றேன்.

சாப்பிட்டார் தம்பி. பிசைந்து, உருட்டி, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். ஐம்பது வருஷத்து விரதம். என் கண் முன்னால் கருவாட்டின் தலையைக்கூடக் கடித்துத் தின்றார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பொறுத்திருப்பேன்.

"உப்பு சரியா இருக்கு, மதினி" என்றார்.

கை கழுவிவிட்டுக் குவியல் பக்கம் போனார். போய்ச் சும்மா நின்றார். மற்றவர்கள் கல்லில் கை வைக்கப் போனபோது தடுத்தார். ரேஞ்சர் கடிகாரத்தைப் பார்த்தார். என்ன என்று கேட்டார்.

"அவுங்க கல்லு சார். அவுங்க எடுத்துக் குடுத்தாத்தான் தொடணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டீக்கடையில் பார்த்த மாதிரியே. நான் போய் ஒரு கல்லை எடுத்தேன். சின்னதாகப் பார்த்துத்தான் எடுத்தேன், ஆனாலும் கனத்தது. அவர் ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். வாங்கியவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு அடிவரிசையில் கொண்டுபோய் வைத்தார்.

ஒரு வாரத்தில் கட்டி முடித்தார். அதற்கு அப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கூலி வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

என் கணக்கில் பதினொரு வருஷம் சேர்த்தது, ஒரு இலைச் சோற்றில் போய்விட்டது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் சொல்ல ஒரு பதில்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். மரியாதை தெரிந்தவராக இருந்தால் வேண்டாம் என்றிருக்க வேண்டாமா?

அதோ அதுதான் அவர் கட்டியது. வாருங்கள், கிட்டே வந்து பாருங்கள். தினமும் விடிந்ததும் இறங்கி வந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கையால் தடவிப் பார்க்கிறேன். எங்கேயாவது ஒரு கல் பிதுங்கியிருக்கிறதா, ஒரு இடுக்கில் விரல் போகிறதா என்று. வேண்டுமென்று ஏதாவது ஒரு கல்லைத் தப்பாக வைத்திருப்பார். வைக்காமல் இருப்பாரா? நானாக இருந்தால் வைத்திருப்பேன். இரண்டு மழை தாண்டிவிட்டது, அசையவில்லை.

உங்களுக்கு இளம் கண். குனிந்து பாருங்கள். ஏதாவது தெரிகிறதா? இல்லையா? சரி, விடுங்கள்.

இந்த ஐப்பசி வரட்டும். மேலே காட்டில் தண்ணீர் ரொம்பச் சேர்ந்திருக்கிறது என்று வாட்சர் சொன்னார். கட்டு போனால் என் வயலும் போய்விடுமே என்றுதானே பார்க்கிறீர்கள்? போகட்டும் தம்பி. ஒரு கல் சரியட்டும். ஒரே ஒரு கல் போதும் எனக்கு.